ஃபிளாக்ஸ்டாஃப் காட்டில் ஆர்வியோடு முதல் முறை: தண்ணீர் டாங்கிலிருந்து மலை உச்சி வரை

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் ஜூன் மாதம் வந்தாலே வடக்கே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கீழே 110 டிகிரி ஃபாரன்ஹீட் காயும்போது, 145 மைல் தள்ளி இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப்பில் பகலில் 80-ஐ ஒட்டி இருக்கும், ராத்திரி கம்பளி தேடவேண்டி வரும். ஊர் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் பாண்டரோசா பைன் மரங்கள், தலைக்கு மேலே சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள். இதெல்லாம் கோகோநீனோ தேசியக் காட்டுக்குள் வருகிறது. அந்தக் காட்டின் பல பகுதிகளில் கட்டணமும் முன்பதிவும் இல்லாமல் ஆர்வியை, அதாவது படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டியை, நிறுத்தித் தங்கலாம். டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று சொல்வது இதைத்தான். குழாய், கரண்ட், கழிப்பறை, குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. 30 நாளுக்குள் 14 நாள் வரை தங்கலாம் என்பது இந்தக் காட்டின் விதி.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் மலை உச்சியிலிருந்து திட்டம் போடுகிறார்கள். இங்கே உயரமான ஹம்ஃப்ரீஸ் சிகரம் ஏறணும், அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் பிடிக்கணும், அதற்கு ஒரு வண்டி வேணும் என்று கீழே இறங்கி வருவார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் வண்டியின் டாங்க், அடுத்து காட்டுச் சாலை, அப்புறம் தங்கும் இடம், கடைசியில் நடை. தண்ணீர் தீர்ந்தாலோ, வண்டி சேற்றில் சிக்கினாலோ எந்தச் சிகரமும் ஏற முடியாது. நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை போகலாம், ஆனால் இந்தக் காலம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மே, ஜூன் இரண்டும் வறண்ட மாதங்கள், காற்று பலமாக வீசும், தீ பயம் உச்சத்தில் இருக்கும். 2021 ஜூன் கடைசியில் தீ அபாயத்தால் காடு முழுவதையுமே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள், அதனால் ஜூன் பயணத்துக்கு ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கணும். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை மழைக்காலம். காலை பளிச்சென்று இருக்கும், மதியம் இடியும் மின்னலுமாக இறங்கும், காட்டுச் சாலையெல்லாம் குழைந்துவிடும். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் இரண்டு வாரமும்தான் என் தேர்வு: மழை ஓய்ந்திருக்கும், ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகியிருக்கும், கூட்டமும் வார இறுதியில் மட்டும்தான். ராத்திரி உறைநிலையைத் தொடும், அதற்கு ஹீட்டரும் பேட்டரியும் சரியாக இருக்கணும். இலையுதிர் காலம் வேட்டைப் பருவமும்கூட, நடக்கப் போகும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியும் அதன் டாங்குகளும்

சொந்த வண்டி இல்லாதவர்கள் வாடகைக்கு எடுப்பீர்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் படியுங்கள்: தார் போடாத சாலையில் ஓட்ட அனுமதி உண்டா? பல வாடகை ஒப்பந்தங்களில் கிடையாது, அப்படி ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள். அளவைப் பொறுத்தவரை, டிரைவர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வகையில் 22 முதல் 25 அடி போதும். நாலு பேர் படுக்கலாம், காட்டுக்குள் திருப்பவும் முடியும். 30 அடி வண்டியின் பின்பக்கம் சக்கரத்துக்கு அப்பால் நீளமாகத் தொங்கும், சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலே அடிபாகம் தரையில் தேய்க்கும். உயரமும் 11, 12 அடி வரும். சரியான எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், கிளை தாழ்வாக இருக்கும் இடத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

இப்போது டாங்குகள். மூன்று இருக்கும்: நல்ல தண்ணீர், சமையலறையும் குளியலும் போய்ச் சேரும் கிரே டாங்க், கழிப்பறையின் பிளாக் டாங்க். இந்த அளவு வண்டியில் நல்ல தண்ணீர் டாங்க் பெரும்பாலும் 30, 40 கேலன் பிடிக்கும், மற்ற இரண்டும் அதைவிடக் கொஞ்சம் சிறியவை. 40 கேலன் என்றால் 150 லிட்டர், கேட்கும்போது நிறையத் தெரியும். வீட்டில் குளிப்பது போல ஷவரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் எட்டு, பத்து கேலன் போய்விடும். நாலு பேர் ஒருமுறை குளித்தால் டாங்க் காலி. உடம்பை நனைத்து, மூடி, சோப்புப் போட்டு, திரும்பத் திறந்து அலசினால் ஒருவருக்கு இரண்டு கேலனில் முடியும், அதுவும் இரண்டு நாளுக்கு ஒருமுறை. குடிக்கிற தண்ணீரைத் தனியாகக் கேனில் கொண்டுபோங்கள், தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் கணக்கு.

நம் சமையலுக்கு முதலில் நிறைவது கிரே டாங்க்தான். எண்ணெயும் மசாலாவும் ஒட்டிய பாத்திரத்தை அப்படியே சிங்க்கில் கழுவினால் தண்ணீரும் அதிகம் செலவாகும், இரண்டாம் நாளே சிங்க் ஓட்டையிலிருந்து ஒரு வாடை கிளம்பும். பாத்திரத்தை முதலில் பேப்பர் டவலால் நன்றாக வழித்துத் துடைத்து, அந்தக் காகிதத்தைக் குப்பைப் பையில் போட்டு, அதன் பிறகு கொஞ்சூண்டு தண்ணீரில் கழுவுங்கள். கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்தும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, மக்குக்குப் பதிலாகக் கையால் அழுத்தும் சின்ன பாட்டில் வைத்துக்கொண்டால் பிளாக் டாங்க் சீக்கிரம் நிறையாது. புறப்படும்போது அந்த டாங்கில் ஒரு கேலன் தண்ணீர் ஊற்றி மருந்தும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், காய்ந்த டாங்கில் எல்லாம் அடியில் ஒட்டிக்கொள்ளும். கிரே தண்ணீரைக் காட்டில் திறந்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வந்த தண்ணீரெல்லாம் உங்களோடு திரும்ப வரணும்.

நல்ல தண்ணீரை ஃபீனிக்ஸிலேயே நிரப்பி ஏறலாம். ஒரு கேலன் எட்டேகால் பவுண்டுக்கு மேல், 40 கேலன் 330 பவுண்டைத் தாண்டும், மலை ஏறும் வண்டிக்கு அது சுமைதான். அதனால் ஃபிளாக்ஸ்டாஃப் வந்தபின் ஏதாவது ஆர்வி பார்க்கில் காசு கொடுத்து நிரப்புவது எனக்குப் பிடித்த வழி. எங்கே நிரப்புவது, திரும்பும்போது கழிவு டாங்குகளை எங்கே காலி செய்வது (டம்ப் என்பார்கள்) என்பதை வீட்டிலேயே போன் போட்டுக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

பேட்டரிக்கு ஒரு சின்னக் கணக்கு. வாடகை வண்டிகள் பலவற்றில் 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். அதில் பாதிக்குக் கீழே போனால் பேட்டரி கெடும் என்பதால் கையில் இருப்பது 50. ராத்திரி ஹீட்டர் ப்ரொப்பேன் கேஸில்தான் எரிகிறது, ஆனால் சூட்டைத் தள்ளும் விசிறிக்கு ஏழு, எட்டு ஆம்பியர் வேணும். குளிர் ராத்திரியில் விட்டுவிட்டு மொத்தம் நாலு மணி நேரம் ஓடினாலே 30 போய்விட்டது. அதனால் ஹீட்டரை 58, 60 டிகிரியில் வைத்து, நல்ல கம்பளிக்குள் படுத்துக்கொள்ளுங்கள், பகலில் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டி நிரப்புங்கள். 7,000 அடியில் ஜெனரேட்டரின் சக்தி நன்றாகவே குறையும், ஏசியையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் நின்றுவிடும். வண்டியிலேயே பொருத்திய ஜெனரேட்டர்கள் பெட்ரோல் டாங்க் கால் பங்குக்கு வந்ததும் பெரும்பாலும் தானாக நிற்கும், பெட்ரோல் தீர்ந்து காட்டில் மாட்டாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே காட்டுக்குள் திரும்பும் முன் டாங்கை நிரப்புங்கள். எட்டு, பத்து மைலுக்கு ஒரு கேலன் குடிக்கும் வண்டி இது.

வரைபடமும் காட்டுச் சாலையும்

கூகுள் மேப்பை நம்பிக் காட்டுச் சாலையில் இறங்காதீர்கள். மூடிய சாலையையும் அது காட்டும், ஜீப் மட்டுமே போகிற பாதையையும் காட்டும். வனத்துறை வெளியிடும் மோட்டார் வெஹிகிள் யூஸ் மேப் என்ற இலவச வரைபடம்தான் சட்டப்படியானது, ஃபிளாக்ஸ்டாஃப்பில் 89 நெடுஞ்சாலையில் இருக்கும் ரேஞ்சர் ஆபீஸில் கிடைக்கும், அவென்சா செயலியில் இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும். அந்த வரைபடத்தில் இல்லாத சாலை மூடப்பட்ட சாலை, வாசலில் பலகை இல்லாவிட்டாலும். சில சாலைகளின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளிகள் போட்டிருக்கும், அந்தச் சாலைகளில் 300 அடி வரை உள்ளே வண்டியை ஓட்டிப் போய்த் தங்கலாம். புள்ளி இல்லாத சாலையில் ஓரத்தை ஒட்டித்தான் நிறுத்த முடியும். ஊரைச் சுற்றிக் கேம்ப் போடவே கூடாத பகுதிகளும் உண்டு, அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

தரையில் இறங்கியதும் இன்னொரு குறிப்பு கிடைக்கும், புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. காட்டுச் சாலையின் தொடக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பட்டைக் கம்பம் நிற்கும், அதில் சாலை எண். எண் படுக்கைவாக்கில் எழுதியிருந்தால் அது ஓரளவு பராமரிக்கிற சாலை. ஒன்றன் கீழ் ஒன்றாக, செங்குத்தாக எழுதியிருந்தால் கரடுமுரடு, உயரமான வண்டிகளுக்கு மட்டும். ஆர்வியோடு செங்குத்து எண் சாலையில் முதல் முறையே நுழையாதீர்கள்.

சிகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கணும் என்றால் கிராண்ட் கேன்யன் போகிற 180 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். அதிலிருந்து பிரியும் 222, 151, 245, அதிலிருந்து கிளைவிடும் 171 என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டே போகலாம். 151-இல் சில இடங்கள் அழகோ அழகு, ஆனால் நடுவே தனியார் நிலமும் உண்டு, மழை பெய்தால் சேறும் உண்டு. செடோனா பக்கம் பார்த்தபடி இருக்கும், இணையத்தில் எல்லோரும் படம் போடும் எட்ஜ் ஆஃப் த வேர்ல்டு விளிம்புக்கு ஆர்வியைக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பாதை அந்த வண்டிக்கானது இல்லை.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் அளவுகோல் இது: தார்ச்சாலையிலிருந்து ஒரு மைலுக்குள் தங்குங்கள். இரண்டு ராத்திரி போதும். உள்ளே போகப் போக நல்ல இடம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் இழுவை வண்டி வருவதற்கான செலவும் அதே வேகத்தில் ஏறும், காட்டுச் சாலைக்கு வர மாட்டேன் என்று சொல்லும் இழுவை வண்டிகளும் உண்டு.

சாலை எப்படி என்று தெரியாவிட்டால் தார்ச்சாலை முனையிலேயே வண்டியை ஓரம்கட்டி, இறங்கி நடங்கள். கால் மைல் நடந்தாலே தெரிந்துவிடும். பார்க்க வேண்டியவை: வண்டி திருப்ப இடம் இருக்கிறதா, தண்ணீர் ஓடிக் கிழித்த பள்ளங்கள் உண்டா, கிளைகள் எவ்வளவு உயரத்தில், மண் என்ன மண். மண்தான் முக்கியம். ஃபிளாக்ஸ்டாஃப் எரிமலை நிலம், பல இடங்களில் கறுப்பாகவும் சிவப்பாகவும் பொரித்த மாதிரி எரிமலைச் சரளை கிடக்கும். மழைத் தண்ணீர் அதில் நிற்காது, ஆனால் ஆழமாகக் கிடந்தால் கனத்த வண்டியின் சக்கரம் புதையும். இன்னொன்று களிமண், காய்ந்தால் சிமெண்ட் தரை, நனைந்தால் வழுக்கும், டயரின் பள்ளங்களையெல்லாம் அடைத்துக்கொள்ளும். குதிகாலை அழுத்திப் பாருங்கள். காலணி அடியில் அப்பிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அந்தச் சாலை வேண்டாம். மதியம் மழை வரும் என்றால், இப்போது காய்ந்திருக்கும் களிமண் சாலையிலும் நுழையாதீர்கள், வெளியே வர இரண்டு நாள் காத்திருக்க நேரும்.

இடம் பிடிப்பது

மாலை மூன்று, நாலு மணிக்குள் வந்துவிடுங்கள். இருட்டில் காட்டுக்குள் இடம் தேடுவது ஆபத்து, எல்க் மான்கள் அந்தி நேரத்தில்தான் சாலையைக் கடக்கும், ஒவ்வொன்றும் குதிரை அளவு.

ஏற்கெனவே பலர் தங்கிய இடத்தையே தேர்ந்தெடுங்கள். மண் இறுகிப் புல் இல்லாமல் இருக்கும், கல் வட்டம் ஒன்று இருக்கும், பார்த்தாலே தெரியும். புதிதாகப் புல்லை நசுக்கி இடம் உண்டாக்கினால் இந்த வறண்ட காட்டில் அது தேற வருடங்கள் ஆகும். தண்ணீர்க் குட்டையோ, மாட்டுக்கான தொட்டியோ தெரிந்தால் கால் மைல் தள்ளிப் போய்விடுங்கள். விலங்குகளுக்கு வழி மறிக்கக் கூடாது என்று அரிசோனா மாநிலச் சட்டமே இருக்கிறது. அடுத்த கேம்ப்காரரிடமிருந்து நல்ல தூரம் விடுவது மரியாதை. வண்டியை நிறுத்தும் முன் அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ மேலே இருந்தால் வேறு இடம். எரிந்த காட்டுச் சரிவுகளுக்குக் கீழேயும் வேண்டாம், மழையில் அங்கிருந்து வெள்ளமும் கட்டைகளும் வரும்.

சமதளம் பார்ப்பது தூக்கத்துக்காக மட்டும் இல்லை. ப்ரொப்பேனில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் ஓடாது, பழுதும் ஆகும். போனில் லெவல் செயலியைத் திறந்து தரையில் வைத்துப் பாருங்கள், தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் லெவலிங் கட்டைகளை வைத்து ஏற்றுங்கள், ஹேண்ட்பிரேக் போட்டு சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். வண்டியின் மூக்கு வெளியேறும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.

சமையலுக்கு ஒரு தகவல்: 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தால் வெந்து முடிவதற்குள் ப்ரொப்பேன் தீரும். குக்கர் கொண்டுபோங்கள், வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வரும், எலியும் வரும். மிச்சமான குழம்பு, எண்ணெய், குப்பைப் பை எதுவும் ராத்திரி வெளியே இருக்கக் கூடாது. காதில் குஞ்சம் வைத்த அணில் ஒன்று இந்தக் காட்டில் உண்டு, பிள்ளைகள் அதற்குத் தீனி போட ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். இங்கே எலி, அணில் வகைகளும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளும் நோய் பரப்பக்கூடியவை.

தீ

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். 2010 ஜூன் 20-ஆம் தேதி, யாரோ சரியாக அணைக்காமல் விட்டுப்போன ஒரு கேம்ப் தீ, சிகரங்களின் கிழக்குச் சரிவில் 15,000 ஏக்கரை எரித்தது. ஷல்ட்ஸ் தீ என்று சொல்வார்கள். ஒரு மாதம் கழித்து மழை வந்தபோது எரிந்த சரிவு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை, கீழே இருந்த குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். 2022 ஜூன் 12-இல் பைப்லைன் தீ, 26,000 ஏக்கருக்கு மேல். காட்டில் தங்கியிருந்த ஒருவர் கழிப்பறைக் காகிதத்தைக் கொளுத்திக் கல்லுக்கு அடியில் வைத்ததிலிருந்து அது கிளம்பியது. இரண்டுமே டிஸ்பர்ஸ்டு கேம்பிங் போகிற நம்மைப் போன்றவர்கள் சாதாரணமாகச் செய்யும் காரியங்கள்.

ஆகவே புறப்படும் அன்று காலை தீக் கட்டுப்பாடு எந்த நிலையில் இருக்கிறது என்று கோகோநீனோ காட்டின் இணையப் பக்கத்தில் பாருங்கள். ஸ்டேஜ் 1 என்றாலே டிஸ்பர்ஸ்டு இடங்களில் விறகுத் தீயும் கரி அடுப்பும் கிடையாது. ஸ்டேஜ் 2-இல் எல்லா இடத்திலும் கிடையாது. மூடித் திறக்கும் வால்வு உள்ள ப்ரொப்பேன் அடுப்பு இரண்டு நிலையிலும் பயன்படுத்தலாம். கட்டுப்பாடு எதுவும் இல்லாத நாளிலும், முதல் பயணத்தில் விறகுத் தீ வேண்டாம் என்பதே என் கருத்து. மூட்டியே ஆகணும் என்றால் ஏற்கெனவே இருக்கும் கல் வட்டத்தில், காற்று இல்லாத மாலையில், சின்னதாக. கீழே விழுந்து கிடக்கும் காய்ந்த விறகை மட்டும் எடுங்கள். படுக்கப் போகும் முன் ஐந்து கேலன் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, திரும்ப ஊற்றிக் கிளறி, புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டுபோய், அப்புறம் சாம்பலுக்குள்ளேயே விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை. அந்த வாளித் தண்ணீர் உங்கள் டாங்கிலிருந்துதான் வருகிறது, 40 கேலன் கணக்கில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் வயிறு கலக்கினால்: பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலக் குழி, மூடிவிட்டு, காகிதத்தை ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். எரிக்காதீர்கள்.

இனி நடை

ஃபீனிக்ஸ் 1,100 அடி. அங்கே காலையில் காபி குடித்துவிட்டு மதியம் 8,000 அடியில் நிற்கிறீர்கள், உடம்புக்கு இது தெரியும். தலைவலி, மூச்சு வாங்குதல், தூக்கம் கலைவது எல்லாம் முதல் நாள் சகஜம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் நாள் சின்ன நடை மட்டும். பனிச்சறுக்கு மையத்துக்குப் போகும் ஸ்னோபோல் சாலையில் லாமர் ஹெய்ன்ஸ் என்ற சிறிய சுற்றுப்பாதை இருக்கிறது, ஊற்று, பழைய மரக்குடிலின் மிச்சம், பாறையில் பழங்கால ஓவியம் எல்லாம் கொஞ்ச தூரத்துக்குள் பார்த்துவிடலாம், பிள்ளைகளும் நடப்பார்கள். வழியில் வயதான பாண்டரோசா மரத்தைத் தேடுங்கள், பட்டை கறுப்பு மாறி ஆரஞ்சாக இருக்கும், வெயில் பட்ட பக்கத்தில் பட்டையின் வெடிப்புக்குள் மூக்கை வைத்தால் வெனிலா வாசம் அடிக்கும்.

இரண்டாம் நாள் கச்சினா டிரெயில். ஸ்னோபோல் பனிச்சறுக்கு மையத்தின் வண்டி நிறுத்தத்திலிருந்து 9,300 அடியில் தொடங்கி, ஆஸ்பென் தோப்பும் இடுப்பளவு பெரணிச் செடியும் எரிமலைப் பாறைச் சுவர்களுமாக ஒரு பக்கம் ஐந்து மைல். போகும்போது மொத்தத்தில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்பதை மனதில் வைத்து, இரண்டு மைலில் திரும்பிவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த மலையில் புதியவர்களுக்கு மிகச் சிறந்த பாதை இதுதான். உச்சியை ஏறாமல் இதை மட்டும் நடந்துவிட்டு வந்தால்கூட நிறைவாக இருக்கும். இந்தச் சிகரங்கள் ஹோப்பி, நவஹோ உட்பட 13 பழங்குடி மக்களுக்குப் புனித மலை, கச்சினா என்பது ஹோப்பி மக்களின் தெய்வ ஆவிகளின் பெயர். சத்தம் குறைத்து, பாதையைவிட்டு விலகாமல் நடப்பது அவர்களுக்கு நாம் தரும் மரியாதை.

ஹம்ஃப்ரீஸ் சிகரம், 12,600 அடிக்கு மேல், அரிசோனாவின் உச்சி. மேலே இரண்டு ராத்திரி தூங்கியவர்கள் மட்டும் மூன்றாம் நாள் முயலுங்கள், அதாவது இரண்டு ராத்திரிப் பயணத்தில் இதை விட்டுவிடுங்கள், அடுத்த முறைக்கு இருக்கட்டும். போய்வர சுமார் பத்து மைல், ஏற்றம் 3,300 அடி. முதல் பாதி காட்டுக்குள், வேர்களும் கற்களும். சுமார் 11,400 அடியில் மரங்கள் முடிந்துவிடும், அதற்கு மேல் உடைந்த எரிமலைக் கல்லும் காற்றும்தான். 11,800 அடியில் இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய், அதிலிருந்து இடதுபுறம் முகட்டில் கம்பங்களைப் பார்த்து நடக்கணும். உச்சி என்று நினைத்து ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொன்று தெரியும், அது இரண்டு மூன்று முறை நடக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மரவரிசைக்கு மேலே வளரும் ஒரு மஞ்சள் பூச்செடி உலகத்தில் இந்த மலையில் மட்டும்தான் உண்டு, அதனால் பாதையைவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது, பக்கத்து அகஸீஸ் சிகரத்துக்குக் கோடையில் ஏறவும் கூடாது.

மின்னல்தான் இங்கே உயிரை எடுப்பது. மழைக்காலத்தில் பதினொரு மணிக்கே மேகம் திரளும், முகட்டில் உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது. காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கி, பத்து, பத்தரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள். உச்சி இருநூறு அடியில் தெரிந்தாலும் திரும்புங்கள். வழியில் தண்ணீர் கிடையாது, தலைக்கு மூன்று, நாலு லிட்டர் சுமக்கணும், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் கையுறையும் ஜூலையிலும் வேணும்.

மதியம் மழை பிடித்துக்கொண்டால் லாவா ரிவர் குகைக்குப் போகலாம். 180-இல் 230-ஆம் மைல் பலகைக்கு அருகே 245-இல் திரும்பி 171 வழியாகப் போகணும். எரிமலைக் குழம்பு ஓடிய குழாய், முக்கால் மைல் நீளம், உள்ளே கோடையிலும் 42 டிகிரி ஃபாரன்ஹீட். ஆளுக்கு இரண்டு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழி மண்சாலைதான், மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது.

கிளம்பும் நாள்

கேம்ப் இடத்தைச் சுற்றி எல்லோரும் கைகோர்த்த மாதிரி ஒரு வரிசையாக நடந்து குப்பை பொறுக்குங்கள், முன்னால் வந்தவர்கள் போட்டதையும் சேர்த்து. லெவலிங் கட்டைகளை எடுத்தீர்களா, படிக்கட்டை மடக்கினீர்களா, மேல் ஜன்னலை மூடினீர்களா, ப்ரொப்பேன் வால்வை அடைத்தீர்களா என்று ஒருவர் வாசிக்க இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டு, முதலில் பிளாக் டாங்க், அது முழுதாக வடிந்தபின் கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். நல்ல தண்ணீர் பிடிக்கும் குழாயை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபீனிக்ஸுக்குத் திரும்பும்போது ஃபிளாக்ஸ்டாஃப்பிலிருந்து வெர்டி பள்ளத்தாக்கு வரை 4,000 அடி இறங்குகிறீர்கள், அப்புறம் ஒரு ஏற்றம், சன்செட் பாயின்ட் தாண்டித் திரும்பவும் நீண்ட இறக்கம். பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூடேறிப் பிடிக்காமல் போகும். டோ/ஹால் பொத்தானை அழுத்தி, கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி, வலது தடத்தில், 50, 55-இல் வாருங்கள். எரிந்த வாடை வந்தால் அடுத்த ஓய்விடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள். ஞாயிறு மதியம் அந்தச் சாலை அடைத்துக்கொள்ளும், அதனால் காலை ஒன்பதுக்கே இறங்கிவிடுங்கள், திங்கட்கிழமை விடுப்பு கிடைத்தால் இன்னொரு ராத்திரி இருந்துவிட்டு வாருங்கள், தண்ணீர் டாங்கில் கால் பங்கு மிச்சம் இருந்தால் மட்டும்.